அல்போன்சா வீட்டு குக்கீஸ்

திரேஸ்புரத்து அல்போன்சா இருபத்திரண்டு வருஷம் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணவாய் மீன் நறுக்கியவள். ஒவ்வொரு வளையமும் ஒரே அளவில் விழ வேண்டும். ஒன்று தடித்தாலும் தட்டையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவளுடைய தட்டு திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஐஸ் தண்ணீரில் கை வைத்து வைத்து விரல் மூட்டெல்லாம் வீங்கிப் போகவே, போன வருஷம் வேலையை விட்டாள்.

கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஷெர்லின் ஈஸ்டருக்கு வந்தபோது ஒரு சின்ன ஓவனை வாங்கி வந்து அடுக்களையில் வைத்தாள். வெண்ணெயும் சீனியும் மைதாவும் பிசைந்து, பொடியாக நறுக்கிய முந்திரி, பேரீச்சை, செர்ரி சேர்த்து, உருளையாக உருட்டி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, பிறகு வட்டம் வட்டமாக வெட்டிச் சுடுகிற குக்கீஸைப் போனில் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் தட்டு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. "ஏளா, இது என்ன, அடையா?" என்று கேட்டபடியே கணவர் ஹென்றி அதில் பாதியைத் தின்று தீர்த்தார். அல்போன்சா சிரிக்கவில்லை. அடுத்த முறை உருளையை ஒரு நாள் முழுக்க இறுகவிட்டாள். செர்ரியில் கத்தி பட்டதும் மாவு பிய்ந்தது. பழங்களைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்தாள். முந்திரியை இன்னும் பொடிசாக்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கொஞ்சம் திருப்பிவைத்தாள். ஆகஸ்டு மாதத்துக்குள் துண்டுகள் சப்பையாகாமல் முழு வட்டமாக விழுந்தன.

டிசம்பரில் சர்ச்சில் பங்குப் பெண்கள் சபை கூடியது. கிறிஸ்துமஸ் ஸ்டாலுக்கு வேலை பிரித்துக்கொடுத்த தலைவி ஜாஸ்லின் டீச்சர், "அல்போன்சா, நீ எப்பவும் போல வறுவலுக்கு மீன் கழுவுததப் பாத்துக்கோ" என்றார்.

"இந்த வருஷம் நான் குக்கீஸ் போடுதேன் டீச்சர். அறுபது பாக்கெட்."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "எதுக்கும்மா வீண் கஷ்டம்? பேக்கரில சொல்லி வாங்கி, உன் பேருல வச்சிருவோம்."

"என் பேருல வைக்கதுன்னா நான்தான் செய்யணும் டீச்சர்."

ஸ்டாலுக்கு முந்தின நாள் காலையில் பதினெட்டு உருளைகள் ஃபிரிட்ஜில் தயாராக இருந்தன. எட்டு மணிக்குப் பிடித்த மழையில் தெருவுக்கே கரண்ட் போனது. மதியம் ஓர் உருளையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. அவள் முகத்தைப் பார்த்த ஹென்றி ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஐஸ் பிளாண்டுக்குப் போனார். சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியோடும், இதுவரை மீன் படாத புது தெர்மாகோல் பெட்டியோடும் திரும்பினார்.

"தண்ணி உள்ள போயிரப்படாது, பாத்துக்கிடுங்க."

"இருபது வருஷமா கடல்ல இதத்தானளா செய்யுதேன். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு சாமான். நீ நல்லாச் சுத்திக் குடு."

அவள் ஒவ்வொன்றையும் இரண்டு பாலிதீன் உறையில் சுற்றிக் கொடுத்தாள். கரண்ட் வந்தது மறுநாள் விடிந்த பிறகுதான். பெட்டியைத் திறந்தபோது உருளைகள் கல் போல இருந்தன. ஆறு மணியிலிருந்து வெட்டினாள், சுட்டாள், ஆறவைத்தாள். வெண்ணெய் மணம் பக்கத்துத் தெரு வரை போனது.

சாயங்காலம், எந்த வருஷமும் ஸ்டால் பக்கமே எட்டிப் பார்க்காத ஹென்றி அன்றைக்குத் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் கடைசிப் பாக்கெட்தான் மிச்சம். அதை ஜாஸ்லின் டீச்சர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே அளவால்லா இருக்கு. எந்த மெஷின்ல வெட்டுன?"

அல்போன்சா தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். "இந்த மெஷின்தான் டீச்சர்."

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் முப்பது பெண்கள் கூடினார்கள். நடுவில் மாவு உருளையும் கத்தியும் வைத்த மேஜை, மேஜைக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் சேலையில் அல்போன்சா. முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக ஜாஸ்லின் டீச்சர்.

"எத்தன இஞ்சு கனம் அல்போன்சா?"

"இஞ்சுக் கணக்கு எனக்குத் தெரியாது டீச்சர். சுண்டுவிரல் நகத்து அகலம்னு எழுதிக்கிடுங்க."

டீச்சர் குனிந்து அப்படியே எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, அல்போன்சா அடுத்த துண்டை வெட்டினாள்.