அப்பா வெட்டிய கூப்பு

நெல் அறுத்த தாளில் தண்ணீர் நின்றால் மறுபடி துளிர்த்துக் கதிர் விடும். அதை மறுதாம்பு என்போம். முத்துப்பேட்டைக் கரையிலிருக்கும் அலையாத்திக் காட்டையும் அப்பா அப்படித்தான் நினைத்திருந்தார். இளவயதில், வயல் வேலை இல்லாத மாதங்களில், அங்கே விறகு வெட்டப் போவாராம். வனத்துறையில் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கூப்பு என்று சொல்லி, முறை வைத்து வெட்டச் சொன்னார்கள். கடைசிக் கூப்பை முடிப்பதற்குள் முதல் கூப்பு வளர்ந்துவிடும், காடு அழியாது என்பது திட்டம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்களே, காட்டையும் அளந்துதான் வெட்டினார்கள். வயிற்றெரிச்சலே அதுதான்.

அறுத்த வயல் மாதிரி ஒரு மரம் விடாமல் வழித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து பள்ளமானது. ஏறிவந்த கடல் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பாய்ப் பூத்தது. தூர் தழைக்கவில்லை.

பல வருடம் கழித்து, தண்ணீர் வந்து போவதற்காக மீன்முள் போலக் கிளை கிளையாய் வாய்க்கால் வெட்டி விதை ஊன்றினார்கள். மண் வெட்டிய ஆட்களில் நானும் ஒருத்தி. அப்பாவுக்கு அப்போது மூட்டு வலி. வீட்டிலிருந்தபடியே கேட்பார்.

"அம்மாடி, என் கூப்புல முளைச்சுதா?"

மற்ற கூப்புகளில் முளைத்திருந்தது. அவருடையதில் வைத்ததெல்லாம் கருகிப் போனது. "இடுப்பு ஒசரம் வந்துடுச்சுப்பா" என்றேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். அன்றைக்குக் கிடைத்தது, அவரும் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பார்த்தே தீருவேன் என்று ஒரு நாள் கிளம்பிவிட்டார். வெள்ளை வேட்டியைப் பார்த்துப் படகுக்காரர், "என்ன பெரியவரே, பொண்ணு பாக்கவா?" என்றார்.

"ஒனக்குத்தான்டா. என் கூப்புல வளந்து நிக்கிது, வந்து பாரு."

காட்டை நெருங்கியதும், பச்சையாய் நின்ற பக்கத்துக் கூப்பைக் கை காட்டினேன். "அதாம்ப்பா நம்மளது."

அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வெளுத்துக் கிடந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வெட்டுன எடம் எனக்குத் தெரியாதாம்மா?"

அப்புறம், "ஒண்ணையாவது விட்டுருக்கலாம்" என்றார். என்னிடம் சொன்னாரா, படகுக்காரரிடமா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலை விட்டு வந்தால் கால் கழுவச் சொல்வார், சாப்பிடச் சொல்வார். கூப்பைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். இரண்டு மழைக்காலம் அப்படியே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்தில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. இப்போது யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை.