அறுந்தது கயிறல்ல

கயிறு அறுந்துவிட்டது என்று நான் சொன்னது பொய். அது அறுந்துபோகவில்லை... அவிழ்ந்தது. நான் போட்ட முடிச்சு!

குருவிட்டவில் ஆறு பெருகிய பகல் அது. அக்கரையில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்களை ஏற்றிவர மணல் அள்ளும் தோணி ஒன்றுதான் கிடைத்தது. வெள்ளம் இழுத்துப் போகாதபடி அதை இக்கரை ரப்பர் மரத்தோடு கட்டிவிட வேண்டும். தோணியிலிருந்த நைலோன் கயிறு எட்டவில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பண்டா அய்யா, தன் மாட்டுக்கு வைத்திருந்த நீளமான தும்புக் கயிற்றை ஓடிப்போய் எடுத்துவந்தார்.

இரண்டையும் இணைத்தவள் நான். தேயிலைக் கொழுந்துச் சாக்குக் கட்டிப் பழகிய கை இது. நிறுக்குமிடத்தில் ஒரே இழுப்பில் அவிழ வேண்டுமே... அந்த முடிச்சையே போட்டுவிட்டேன்! மழை, அவசரம் என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் சொல்வீர்கள். வேண்டாம். என் கொழுந்தன் ரவி தோணியில் ஏறுமுன் கேட்டானே!

"அண்ணி, முடிச்சு கெட்டியா இருக்கா?"

"நான் போட்டதுடா. பேசாம போ."

என்ன திமிர் எனக்கு! ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

நடு ஆற்றில் கயிறு விறைத்தது. மறுகணம் என் காலடியில் துவண்டு விழுந்தது. தோணி கவிழ்ந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு கரையோரமாக ஓடினார்கள். நான் ஓடவில்லை. நான் இழுத்தெடுத்த தும்புக் கயிற்றின் நுனி ஒரு நார்கூடப் பிரியாமல் கிடந்தது. கயிறு வெட்டக் கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தியால் அதைக் கீறிக் கீறிப் பிசிறாக்கினேன். ரவி தண்ணீரில் போய்க்கொண்டிருந்தான்... நான் அதைச் செய்துகொண்டிருந்தேன்!

மறுநாள்தான் உடல் கிடைத்தது. இத்துப்போன கயிற்றைக் கொடுத்துக் கொன்றுவிட்டார் என்று பண்டா அய்யாவை லயமே ஏசியது. அவரும் அதை நம்பிவிட்டார். மாட்டையும் விற்றுவிட்டார். இன்றும் ரவியின் மனைவி செல்வியின் வாசலில் வந்து நிற்கிறார்.

"அனே மகள், என் கயிறுதான்... மன்னிச்சிரு."

செல்வி கதவைச் சாத்துவாள். நான் பக்கத்து வீடான என் காம்பராவிலிருந்து அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பேன். போன வாரமும் வந்தார். நான் கொடுத்த பிளேன்டீயை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இந்த லயத்தில நீ ஒருத்திதான் என்னைய வெறுக்கல்ல" என்றார்.

வாய்வரை வந்தது... சத்தியமாக வந்தது!

"குடிங்கய்யா, ஆறிப்போயிரும்" என்றேன்.