மோகனத்தில் வந்த விசில்

திருச்சானூர் கோயில் தெருவில் நேற்று ஒரு பொம்மைக் கடையில் பிளாஸ்டிக் வயலின் தொங்கியது. ஒரு வாண்டு அதைப் பிடித்து இழுக்க, வில் யார் கண்ணிலாவது குத்திவிடுமோ என்று நான் பதறினேன். பதறுவது என் பிறவிக் குணம், அதை விடுங்கள். டீச்சரம்மாவின் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

திருப்பதியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தந்தவர் அவர். புத்தகம் கிடையாது, சரளி வரிசை கிடையாது. "கொழந்த எழுத்து கத்துக்கினா பேச வந்துச்சி? காதுல வுழுந்துகினே இருந்தா தானா வரும்" என்பார். அவர் வாசித்த கேசட்டை வீட்டில் நாள் முழுக்க ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். மற்ற வகுப்புகளில் பாடத்தை எழுதிக்கொடுத்து, வீட்டில் அம்மாவைப் படித்துச் சொல்லித்தரச் சொல்வார்கள். நானோ ஏழாவதோடு நின்றவள். இந்த வகுப்பை விட்டால் என் மகளுக்கு வேறு போக்கில்லை.

டீச்சரம்மா வீடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஓயாத ஹாரன். அதனால் கேசட்டை எங்கள் வீட்டில் பதிந்தார். மோகன ராகப் பாட்டில் இரண்டாம் வரி முடியவும் என் குக்கர் விசிலடித்தது. வில்லை நிறுத்தி, அது ஓய்ந்ததும் தொடர்ந்தார்.

"மறுபடி எடுக்கலாமா டீச்சரம்மா?"

"பர்வாலேதும்மா. பசங்க அதெல்லாம் கவனிக்காதுங்க."

அந்தக் கேசட்டுதான் எல்லா வீட்டுக்கும் போனது.

சில மாதத்தில், புத்தகமே இல்லாமல் என்ன படிப்பு என்று அப்பாக்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மண்டபத்தில் பிள்ளைகளை வாசிக்க வைப்பது, தேறாவிட்டால் எல்லாரையும் நிறுத்திவிடுவது என்று முடிவானது. ஆரம்பம் தேன். இரண்டாம் வரி முடிந்ததும் எல்லா வில்லும் ஒன்றாக மேலே எழுந்தது. எல்லா வாயும் சேர்ந்து "உஸ்ஸ்ஸ்ஸ்!" பிறகு தாளம் பிசகாமல் மூன்றாம் வரி. என் மகளின் உஸ்ஸுதான் உரக்கக் கேட்டது.

சித்தூரில் மாம்பழக்கூழ் வியாபாரம் செய்த ஓர் அப்பா எழுந்தார். "இன்னா டீச்சர், இந்த விசிலு கேசட்லியா கீது?"

டீச்சரம்மா தலையாட்டினார்.

"அடங்கப்பா! அது அடிக்கறப்பல்லாம் எம் பொண்டாட்டி ஓடிப்போயி அடுப்ப அணைச்சிட்றா. இத்தினி மாசமா அரவேக்காட்டு சோறு துன்னுகினு கீறேன்!"

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ள, மண்டபமே சிரித்தது.

"காதுல வுழுந்தது அப்பிடியே வருதில்ல? பசங்க படிக்கட்டும். மொதல்ல கேசட்ட மாத்துங்க" என்றார் அவரே.

மாற்றினோம். புதுக் கேசட் தப்பாக இருக்கிறது என்று பிள்ளைகள் அழுது தீர்த்தார்கள்.

டீச்சரம்மா இப்போது இல்லை. அவர் வீடிருந்த வரிசை முழுக்க லாட்ஜ். இன்றைய பிள்ளைகள் இயர்போனால் காதை அடைத்துக்கொண்டு சுத்தமான பாட்டு கேட்கிறார்கள். சாப்பிட வா என்று எத்தனை கூப்பிட்டாலும் என் குரலால் அதற்குள் நுழைய முடியவில்லை.