மூத்தாளுக்கு எடுத்த சேலை

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த தவசிமுத்துவுக்குச் சிரிக்கவே தெரியாது என்று தெருவில் சொல்வார்கள். சுத்தப் பொய். சிரிக்கத் தெரியும். சிரித்த மறு நொடியே, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான்.

காரணம், முதல் மனைவி தங்கபுஷ்பம். நாற்பத்தெட்டாம் வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் கடையில் வெல்லத்துக்குக் கூட்டம் நெரித்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. காய்ச்சலோடு கதவோரம் வந்து நின்று, "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று கேட்டாள். "கூட்டம் குறையட்டும்" என்றார். கூட்டம் எங்கே குறைந்தது? மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சொந்தபந்தம் வந்து இறங்கியது. ஒற்றை ஆளாய்க் கடையையும் அடுப்பையும் எப்படிப் பார்ப்பாய் என்று பிடுங்கியெடுத்து, தங்கபுஷ்பத்தின் சித்தப்பா மகள் முப்பிடாதியை அவருக்குக் கட்டிவைத்தார்கள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோன மூத்தாளுக்கு அவள் திதியன்று புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, அந்தச் சேலையை இளையாள் உடுத்திக்கொள்ள வேண்டும். மூத்தவள் மனம் குளிர்ந்து, இனி உன் குடித்தனம் என்று விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். தவசிமுத்து சேலை எடுப்பார், நல்ல சேலையாகத்தான் எடுப்பார். படையல் வைப்பார், கற்பூரம் காட்டுவார். முப்பிடாதி கை நீட்டும்போது மட்டும் சேலையை எடுத்துத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அதை இன்னொருத்தி உடம்பில் பார்க்கும் தெம்பு தனக்கு இல்லை என்று நினைத்தார். சரி, இவர் மனசு இவருக்கு. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அதை மனுஷன் யோசிக்கவே இல்லை.

அவள் வைக்கும் குழம்பு நாக்கைச் சுண்டி இழுக்கும். இன்னொரு கரண்டி கேட்க வாய் வரை வரும். கேட்டால் செத்தவளுக்குத் துரோகம் என்று கையைக் கழுவிவிடுவார். முப்பிடாதியோ அக்கா இன்னும் தனக்கு இடம் விடவில்லை என்று எண்ணிக்கொண்டாள். அடுக்களையில் ஒரு பாத்திரத்தைக்கூட இடம் மாற்றாமல், விருந்தாளி மாதிரி அந்த வீட்டில் நடமாடினாள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் மூன்றாவது சேலையும் பெட்டிக்குள் போயிற்று. மறுநாள் கடையில் பொங்கல் கூட்டம். மீன் விற்கும் கன்னியம்மா கூடையோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி, வூட்டாண்ட போய்ப் பாத்தியா? மீனு வோணுமான்னு கேக்கப் போனேன். அந்தப் பொண்ணு தரையில சுருண்டு படுத்துகினு கீது. ஒடம்பு அனலா கொதிக்குது. நீ இன்னாடான்னா வெல்லம் நிறுத்துகினு கீறே."

தராசை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். முப்பிடாதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"கடையில கூட்டமா இருந்துச்சே" என்றாள். பிறகு மெதுவாக, "சொன்னா அக்காவ நெனச்சு அழுவீய. எனக்காவ வருவீயளான்னு தெரியல" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒருத்தியைக் கூட்டத்துக்குப் பறிகொடுத்தோம், அதை நினைத்து அழுதுகொண்டே இன்னொருத்தியைக் கேட்கக்கூட விடாமல் செய்துவிட்டோமே என்று உறைத்தது. போர்வை தேடினார். பொங்கலுக்காக அவள் துவைத்துப் போட்டது எல்லாம் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. தகரப்பெட்டியைத் திறந்து மூன்று சேலைகளையும் உதறி, ஒன்றின் மேல் ஒன்றாக அவள்மேல் போர்த்தினார்.

அவள் பதறித் தள்ளினாள். "வேண்டாம், அக்காவோடது."

"ஒனக்குன்னு அவ தந்ததுதான் புள்ள. நான்தான் தராம வச்சிருந்தேன்."

கடைக்கு வந்து, கூட்டம் நிற்க நிற்கவே பலகைகளை எடுத்துக் கடையைச் சாத்தினார். கன்னியம்மா ரிக்‌ஷாவோடு வந்திருந்தாள். "இந்த புத்தி அன்னிக்கி எங்க போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டே விட்டாள். அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது.

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் தவசிமுத்து.

முப்பிடாதி பிழைத்துக்கொண்டாள். டாக்டர் பயமில்லை என்று சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. அன்றும் கடையைச் சாத்தியிருந்தால் தங்கபுஷ்பமும் பிழைத்திருப்பாளே என்ற நினைப்பும் கூடவே வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். அந்த உறுத்தல் அப்புறமும் அவரை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷத் திதியில் படையல் சேலையை அவரே எடுத்து முப்பிடாதி கையில் கொடுத்தார். அவள் உடுத்திக்கொண்டு வந்து இலை போட்டாள். தவசிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.