அண்ணனின் மாத்திரையை மாற்றினேன்

ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மருந்து சாப்பிடும் என் அண்ணனுக்குக் காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகாமல், குளிக்கக்கூட எழும்பாமல் கட்டிலிலேயே கிடந்தான். நான் நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

"நல்லா எழுதியிருக்கே மக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாத்திரைதான் ஆளை மந்தமாக்குகிறது என்று நானே முடிவு கட்டி, அதற்குப் பதில் வைட்டமின் கொடுத்தேன். இரண்டாம் வாரம் அவன் சோற்றுத் தட்டைத் தள்ளினான். "இதில என்னமோ கலந்திருக்கு. காதில சொல்லுது."

சோற்றில் ஒன்றுமில்லை. மாத்திரையை மாற்றியது நான்தான். பயந்துபோய் அவனை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மலையாளி டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அவன் எழும்பாம கிடந்தது சோம்பேறித்தனம் இல்லை மோளே. ஒரு காரியத்தைத் தொடங்கணும்ங்கிற எண்ணத்தையே இந்த நோய் எடுத்துப்போடும். மருந்தில சந்தேகம் உண்டுன்னா என்கிட்ட கேளு. நீயா நிறுத்தாதே."

பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்தும் குரல்கள் மறுபடி அடங்க ஒரு மாதமானது. அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது காலையில் வாளியோடு போய், "அண்ணா, வாசல் பக்கத்து மரம் மட்டும். நானும் வாறேன்" என்று கூப்பிடுகிறேன். சில நாள் வருகிறான். வராத நாளில் சாயா கொடுத்துவிட்டு, மறுநாளும் கூப்பிடுகிறேன்.