கூப்பிடாதே, தட்டு

கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த முனையில், கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியைத் துடைத்துப் பிழைப்பவள் அவள். விளக்குக்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் கொத்தனார். முனையின் பழைய கோட்டைச் சுவர் இடிய இடியப் பூசுவதே அவர் வேலை. சுவருக்கும் சலிக்காது, அவருக்கும் சலிக்காது.

முனைப் பாறைகளில் கடற்காகங்கள் அடைந்து கிடக்கும். அவை கத்தினால் பச்சைப்பிள்ளை வீறிட்டு அழுவது போலவே இருக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பதறிக்கொண்டு பாறை விளிம்புக்கு ஓடுவார்கள். "ஒண்ணுமில்லைங்க, பறவைதான்" என்று சொல்லிச் சொல்லி விளக்குக்காரிக்கு வாய் பழகிவிட்டது.

கலங்கரை விளக்கம் கட்டுவதற்கு முன்னே, மூடுபனியில் ஒரு கப்பல் இங்கே மோதி உடைந்ததாம். கோட்டைக் காவல்காரர்கள் அலறலைக் கேட்டார்கள். பறவைதானே என்று கையில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்கள். பனி விலகிப் பார்த்தால் கரையெல்லாம் பிணம். கடவுள் அந்தச் சாப்பாட்டை எந்தக் கணக்கில் வைத்தாரோ! அன்றிலிருந்து முனைக்காரர்களுக்குள் ஒரு பேச்சு: வழி தவறினால் கூப்பிடாதே, கல்லை எடுத்துக் கல்லில் தட்டு. பறவைக்குக் கத்தத் தெரியும், தட்டத் தெரியாது.

கொத்தனாரின் தங்கை அவர்களோடு இருக்க வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மெல்லிய கீச்சுக் குரல். வாயோ ஓயாது. கீச்சி என்று அண்ணனே பெயர் வைத்துவிட்டார்.

ஒருநாள் மதியம், கோட்டைச் சுவரில் காயப்போட்ட துணியை எடுத்து வர அவள் போனாள். போன கையோடு பனி இறங்கியது. வாசல்படிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"எங்க அவ?" என்று கேட்டுக்கொண்டே கொத்தனார் சாப்பிட உட்கார்ந்தார்.

"துணி எடுக்கப் போனா. சுவரைத் தடவிக்கிட்டே வந்துருவா, நீங்க சாப்பிடுங்க."

வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, நடுவில் விக்கி.

"உன் நாத்தனாரோட அக்கா தங்கச்சிங்க ஆரம்பிச்சிட்டாங்க" என்றார் அவர்.

விளக்குக்காரி சிரித்துவிட்டாள். சோற்றுக் கரண்டியோடு எதேச்சையாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலை ஒட்டி, கைக்கெட்டும் தூரத்து மதில்மேல் கடற்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு, அத்தனையும் வாயடைத்து. பனி இறங்கினால் அவை கத்துவதில்லை. இத்தனை வருஷம் பார்த்ததுதான், ஆனால் நினைத்துப் பார்த்ததில்லை.

அழுகை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏங்க..." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தட்டணும்னு அவகிட்ட சொன்னீங்களா?"

"நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன்."

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான்..."

அவர் எச்சில் கையோடு கயிற்றை எடுத்தார். வெளியே வந்தார்கள். அழுகை நின்றுபோயிருந்தது. அதுவரை இருந்த பயம் ஒரு பயமே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கீழே கடல் மட்டும் பாறையை நக்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் விளிம்பு, எந்தப் பக்கம் வீடு, ஒன்றும் புரியவில்லை. இருவரும் மண்டியிட்டு, தரையைத் தடவித் தடவி நகர்ந்தார்கள்.

"ஆண்டவனே, அந்தக் காவல்காரங்க மாதிரி எங்களை ஆக்கிடாதே" என்று முனகிக்கொண்டே, கையில் அகப்பட்ட கல்லால் பாறையில் தட்டினாள். பிறகு பனிக்குள் கத்தினாள்: "கல்லைத் தட்டுடி! கத்தாதே, தட்டு!"

ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள்.

டொக்.

"இந்தப் பக்கம்" என்றார் கொத்தனார்.

டொக், டொக்.

விளிம்புக்குக் கீழே ஓர் ஆள் உயரத்தில், ஒருவர் ஒண்டிக்கொள்ளும் அளவுப் பாறைத் திட்டில் கீச்சி கிடந்தாள். ஈரத் துணி மூட்டையை மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தாள். கால் பிசகியிருந்தது. கயிற்றைக் கட்டி மேலே இழுப்பதற்குள் மூவருக்கும் உயிர் போய்த் திரும்பி வந்தது.

வீட்டில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே அவள் கேட்டாள். தொண்டை கட்டி, அந்தக் கீச்சுக் குரல்கூட வரவில்லை.

"அத்தனை கத்தினேனே அண்ணி, காதுல விழவே இல்லையா?"

விளக்குக்காரி அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"விழுந்துச்சும்மா" என்றாள்.

இப்போதும் முனையில் கடற்காகங்கள் அழுகின்றன. பளிச்சென்ற வெயிலில் அழுதாலும் அவள் துடைத்துக்கொண்டிருக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டு, படி இறங்கி, விளிம்புவரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

"பறவைதானேம்மா அது?" என்று கேட்பார்கள் வந்தவர்கள்.

"இருங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்பாள்.