நரிக்கல் மேட்டுக்கு பஸ் ஏறின கதை

அண்மையில் ஒரு பின்னேரம். கல்முனையில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறோம். பஸ் நிறைய ஆட்கள். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, வயல்வெளிக்குள் கொஞ்ச தூரம் ஓடி, வாய்க்கால் மதகடிக்கு வந்ததும் பஸ் நின்றுவிட்டது.

என்ன? யானையா?

இல்லை... நெல்!

ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நெல்லைப் பரவிக் காயவிட்டிருந்தார்கள். ஓரத்தில் கல் வைத்து, கொப்பு வைத்து, காவலுக்கு ஆளும் வைத்திருந்தார்கள். பார்க்க அழகுதான். பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தால் அவ்வளவு அழகாகத் தெரியாது.

"இறங்குங்க எல்லாரும். இதுக்கு மேல போகேலா" என்றார் கண்டக்டர்.

"ஏன் போகேலா?"

"நெல்லுக்கு மேல ஏத்தினா அடி எனக்குத்தானே விழும்? நீங்களா வந்து வாங்குவீங்க?"

நியாயமான கேள்வி. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தோம்.

வழமையாக வாசிக்கிறவர்களுக்கு நான் குடியிருக்கும் நரிக்கல் மேட்டைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையோர ஊர்களெல்லாம் பலகை போலத் தட்டையானவை. நிந்தவூரில் பிறந்த எனக்கு ஏற்றம் என்றால் பாலத்தில் சைக்கிள் மிதிப்பதுதான். அப்படிப்பட்ட பூமியில், வயலுக்கு நடுவே தப்பிப் பிறந்த ஒரு மேடு இது. வீடுகளுக்குப் பின்னால் புல்லும் முளைக்காத ஒரு பெரிய மொட்டைப் பாறை. அதில் ஏறி நின்றால் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும், பள்ளிவாசல் மினாராக்கள் தெரியும், கோயில் கோபுரமும் தெரியும். கண்டியிலிருந்து வந்த கூட்டாளி ஒருவர் "மலை, மலை என்கிறீர்களே, அது எங்கே?" என்று கேட்டார். அவர் அதன் உச்சியில் நின்றுகொண்டுதான் கேட்டார்!

சரித்திரம்? ராசாக்கள் யாரும் இங்கே ஆளவில்லை. நரிகள் ஆண்டன. வயற்காவலுக்கு வந்தவர்கள் பாறைமேல் குடில் போட்டுப் படுத்தார்கள். பிறகு சுனாமி வந்தது. கடற்கரையில் வீடிழந்த சில குடும்பங்களுக்கு இந்த மேட்டில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் கடலுக்குப் பயந்து வந்தவர்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கடலுக்குப் பயந்து வரவில்லை... மகள்மாருக்குப் பயந்து வந்தார்கள்!

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்த மகளுக்கு வளவில் பாதி, அடுத்தவளுக்கு மீதி, மூன்றாவது மகளுக்கு? கிணற்றடிதான் மிச்சம். கரையோரத்தில் காணி விலை கேட்டால் தலை சுற்றும். வாப்பாமார் என்ன செய்வார்கள்? மேற்கே திரும்பிப் பார்த்தார்கள். மேடு கண்ணில் பட்டது. அப்படித்தான் மாப்பிள்ளைமார் நாங்கள் ஒவ்வொருவராக இங்கே வந்து ஏறினோம். இந்தக் குடியிருப்பைத் திட்டம் போட்டு உருவாக்கியது அரசாங்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் மாமாமாரின் மூன்றாவது மகள்கள்தான் உருவாக்கினார்கள்.

வீடு மேட்டில். வேலை, கடை, ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் கரையில். காலையில் இறங்கவேண்டும், பின்னேரம் ஏறவேண்டும். முதலில் கிரவல் ரோட்டில் உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் குலுங்கிக்கொண்டு போனோம். பிறகு ஓட்டோ வந்தது. பிறகு தார் போட்ட காபட் ரோடு வந்தது. பஸ் மட்டும் வரவேயில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்து, கடைசியில் டிப்போவில் ஒரு மாதம் ட்ரயல் ஓடிப் பார்க்கச் சம்மதித்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். பஸ் மேடு வரைக்கும் ஓடவேண்டும், ஆட்கள் ஏறவேண்டும். இடையில் திரும்பிப் போகிற ரூட்டுக்கு பஸ் கிடையாது. நெல் மறித்தது அந்த ட்ரயல் பஸ்ஸைத்தான்.

இந்த பஸ்ஸில் யாருக்கு என்ன இருந்ததோ தெரியாது. ரிஸானாவுக்கு எல்லாமே இருந்தது.

ரிஸானா என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். கணவர் கட்டாரில். இவள் லேப் வேலை படித்து, கல்முனையில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். விடியவே போய்விட வேண்டும். வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள் பொறுமைசாலிகள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே. தினமும் ஓட்டோவில் போனால் சம்பளம் ஓட்டோக்காரருக்குத்தான். "என்னத்துக்கு இந்தப் பாடு? வேலைய விட்டுட்டு வீட்டில இரி" என்று கட்டாரிலிருந்து ஒவ்வொரு நாளும் போன். இவள் ஒரு தவணை கேட்டிருந்தாள். ட்ரயல் முடிந்து பஸ் நிலைத்தால் வேலை. இல்லாவிட்டால் வீடு.

இனி எங்கள் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். எந்த மாதம் ட்ரயல் வைப்பது என்று பள்ளிவாசலில் கூடி, ஆற அமர யோசித்தோம். நோன்பு மாதத்தைத் தவிர்த்தோம். ஹஜ்ஜுப் பெருநாளைத் தவிர்த்தோம். மழைக்காலத்தைத் தவிர்த்தோம். பிள்ளைகளின் பரீட்சையைக்கூடத் தவிர்த்தோம். எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு நேராகப் போய் சிறுபோக நெல் வெட்டில் விழுந்தோம்! நாலு பக்கமும் வேளாண்மை விளைந்து நிற்க, நடுவில் குடியிருந்துகொண்டு, வெட்டு எப்போது என்று தெரியாத சனம் இலங்கையில் நாங்களாகத்தான் இருக்கும். விடிய இறங்கி, பொழுதுபட ஏறுகிறவர்களுக்கு வயல் என்பது பஸ் சன்னலில் ஓடுகிற பச்சை. அது மஞ்சளானதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நெல் மறித்ததற்கு அடுத்த நாள் காலையும் பஸ் மதகடியோடு நின்றது. நாங்கள் நெல்லுக்கு ஓரத்தால், செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து போனோம். காவலுக்கு நின்றவர் தங்கராசா அண்ணன். காரைதீவுக்காரர். அந்த வயல் வட்டை விவசாயிகளுக்கெல்லாம் அவர் பேச்சுத்தான் பேச்சு. நாங்கள் ஆம்பிளைகள் தொண்டையைச் செருமிக்கொண்டு யார் முதலில் கதைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்க, ரிஸானா முன்னால் போய்விட்டாள்.

"அண்ணன், இது ரோடா, களவெட்டியா?"

"களவெட்டி எங்க புள்ள இப்ப? வெட்டு மெசின் வந்தாப் பொறகு சூடடிக்கிற இடத்தையெல்லாம் உழுது விதைச்சிட்டோம். ஈர நெல்லக் கொண்டு போனா மில்லுக்காரன் திரும்பியும் பாக்க மாட்டான். நல்லா வெயில் குடிக்கிற இடமெண்டா இந்த ரோடு ஒண்டுதான் கிடக்கு."

"அப்ப எங்கட பஸ்?"

"பஸ்ஸு நாளைக்கும் வரும். முளைச்ச நெல்லு திரும்பி வருமா?"

ஒரு பக்கம் அநியாயம் இருந்தால் சண்டை பிடிப்பது சுலபம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் வாய் அடைத்துவிடும். எங்களுக்கு அடைத்துவிட்டது. ரிஸானாவுக்கு அடைக்கவில்லை.

"வெயில் குடிக்கிற இடம்தானே வேணும்? அங்க பாருங்க, எங்கட வீட்டுக்குப் பின்னால அவ்வளவு பெரிய கல்லு இரிக்கி. மத்தியானம் லுஹருக்குப் பொறகு வெறுங்கால் வைக்கேலா. அந்தச் சூட்டில எங்களுக்கு நித்திரையும் இல்ல. அதில கொண்டு காயப் போடுங்க. ரோட்ட எங்களுக்குத் தாங்க!"

தங்கராசா அண்ணன் பாறையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"உங்கட ஆக்கள் விடுவாங்களா?"

"ஏன் விடாம?"

"நாங்க இதுவரைக்கும் கேக்கல்லியே..."

"நாங்களும் செல்லல்லியே!"

எனக்குப் பிடரியில் ஒரு தட்டுத் தட்டியது மாதிரி இருந்தது. கிணறு தோண்டவிடாத கல், வீட்டை அடுப்பாக்குகிற கல் என்று அந்தப் பாறையை நாங்கள் ஏசாத ஏச்சில்லை. கீழே இவர்கள் ஒரு சூடான கல்லுக்கு ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இத்தனை போகம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. மரியாதை என்று நினைத்திருந்தோம். அது வெறும் சோம்பல்!

அன்று பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம். ஒருவரும் எதிர்க்கவில்லை. ஒரே ஒரு பிரச்சினை... ஆடுகள். மேட்டு ஆடுகளுக்குப் பாறைதான் மைதானம். நெல்லைக் கண்டால் விடுமா? எல்லோரும் வெட்டு முடியும்வரை ஆட்டைக் கட்டி வளர்ப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து பெருமையோடு சொன்னேன்.

"பஸ்ஸுக்காக ஆட்டக் கட்டுறதா?" என்றாள் மனைவி.

"ஓம்."

"அப்ப ஆட்டுக்குக் குழை வெட்டி வாற ஆரு?"

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு பின்னேரமும் பஸ்ஸால் இறங்கி நேராகக் கத்தியை எடுத்துக்கொண்டு குழை வெட்டப் போனேன் என்பதையும் இந்த மேட்டின் போக்குவரத்து வரலாற்றில் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

விடியற்காலையில் மெசின் பெட்டிகளில் நெல் மேட்டுக்கு ஏறியது. அதே ரோட்டால் நாங்கள் பஸ்ஸில் இறங்கினோம். பாறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தது எங்கள் பெண்கள். தண்ணீர், தேத்தண்ணி எல்லாம் எங்கள் வீடுகளிலிருந்து போயிற்று. ரோட்டில் இரண்டு நாள் காய்கிற நெல், கல்லில் ஒரே நாளில் காய்ந்தது. மற்ற வட்டைக்காரர்களும் மேட்டுக்கு வந்து இடம் கேட்டார்கள். அதற்குப் பிறகு பஸ் ஒரு நாளும் மதகடியில் திரும்பவில்லை.

ட்ரயல் முடிகிற வாரம். பின்னேர பஸ்ஸில் டிப்போவிலிருந்து ஒரு பரிசோதகர் ஏறியிருந்தார். வெள்ளைச் சேர்ட், கையில் பைல், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தோம். மதகு தாண்டும்போதுதான் யாரோ மேற்கே கை காட்டினார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாறை நிறைய நெல். அதில் தங்கராசா அண்ணனும் மேட்டில் நின்ற ஒரு சிலரும் ஓடி ஓடிக் குவிப்பது தெரிந்தது.

"ட்ரைவர் அண்ணன், கொஞ்சம் மிதிங்க!" ரிஸானா எழும்பி நின்று கத்தினாள்.

மிதித்தார். அந்த ஏற்றத்தில் அந்த பஸ் அப்படி ஏறும் என்று டிப்போவுக்கே தெரிந்திருக்காது. நின்றதுதான் தாமதம், பின் கதவாலும் முன் கதவாலும் சனம் கொட்டுண்டு பாறையை நோக்கி ஓடியது. அரசாங்கக் கச்சேரிக்கு அலுவலாகப் போய் வந்தவர், துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகள், ட்யூஷன் மாஸ்டர், நான் எல்லோரும். கையால், பலகையால், தொப்பியால்கூட நெல்லைத் தள்ளிக் குவித்தோம். ட்ரைவரும் கண்டக்டரும் நெல்லை மூடுகிற படங்கை இழுத்து வந்தார்கள். ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டு பறந்தது.

"சேர், இதக் கொஞ்சம் புடிங்க!"

ரிஸானா அதைப் பரிசோதகரின் கையில் திணித்துவிட்டாள். மனிதர் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தார். கடைசிக் கல்லை வைக்கவும் மழை விழவும் சரியாக இருந்தது. ஒரு நெல்மணிகூட நனையவில்லை! நனைந்து நின்றது நாங்கள்தான். தங்கராசா அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை பெய்துகொண்டிருந்ததால் ஒருவரும் காணவில்லை.

ரிஸானா வீட்டு விறாந்தையில் பிளேன்டீ குடித்தபடி பரிசோதகர் விசாரித்தார்.

"இவ்வளவு சனம் எங்கால வந்த?"

"நீங்க வந்த அதே பஸ்ஸாலதான் சேர்" என்றாள்.

அவர் நனைந்த பைலைப் பார்த்தார். சிரித்தார். "அப்ப எண்ணிப் பாக்கத் தேவல்ல."

தங்கராசா அண்ணனுக்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது. வயலுக்கு வேலைக்கு வருகிறவர்களும் வெயிலில் நடந்துதான் வருகிறார்கள், மதகடியில் ஒரு தரிப்பிடம் வைத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். அதற்கும் பரிசோதகர் தலையாட்டினார். முந்தி பஸ்ஸை மறித்த இடத்தில் இனி பஸ் தானாக நிற்கும். இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்?

போன திங்கட்கிழமை நிரந்தர சேவையின் முதல் பஸ். பள்ளிவாசலில் துஆ ஓதினார்கள், வயற்காரர்கள் பூமாலை கொண்டுவந்து பஸ்ஸின் நெற்றியில் கட்டினார்கள். ரிஸானா முன் சீட்டில் ராணி மாதிரி இருந்தாள். வளைவு இறங்கும்போது போன் அடித்தது. கட்டார். அங்கே இன்னும் விடியவில்லை, சுபஹுத் தொழுகை நேரம். சத்தம் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்ப... வேலைய விடல்லியா?"

"நான் விடல்ல. ஒங்களுக்கு ஆசையெண்டா ஒங்கட வேலைய விட்டுட்டு வாங்க. சந்தியில இரிந்து வீடு வரைக்கும் இப்ப பஸ் இரிக்கி!"

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளைமார் நாங்கள் மட்டும், வெட்டி முடிந்த வயலை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம்.